ஃபிலிப்போனின் நான்கு தலைகள்: நடுவில் உள்ள படங்களை ஏன் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை?

மைக்கூடு (இழையைத் தொடங்கியவர்)

பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் ஷார்ல் ஃபிலிப்போன் 1831-இல் பேனாவால் வரைந்த 'பேரிக்காய்கள்' படத்தைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேலிச்சித்திர வரலாற்றை எழுதுகிற யாரும் இதைத் தொடாமல் போவதில்லை. ஆனால் எல்லோரும் நேராகக் கடைசிப் படத்துக்கே தாவிவிடுகிறார்கள். "அரசரைப் பேரிக்காயாக வரைந்தார், சிறைக்குப் போனார்" என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. அந்தத் தாளில் இருப்பது ஒரு பேரிக்காய் அல்ல, நான்கு தலைகள். அதிலும் மூன்றாவது தலையில்தான் முழு வித்தையும் இருக்கிறது என்பது என் கட்சி.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே தாள். மேலே இரண்டு தலைகள், கீழே இரண்டு. முதல் தலை பிரான்சின் அரசர் லூயி-ஃபிலிப். கோட்டுக் காலர், கழுத்துப்பட்டி, அகன்ற கன்னம், இருபுறமும் கிருதா, உச்சியில் கூம்பி நிற்கும் முன்முடி. இரண்டாவதில் கன்னம் இன்னும் இறங்குகிறது, நெற்றி ஒடுங்குகிறது. மூன்றாவதில் முடி இலையாகலாமா என்று யோசிக்கிறது. நான்காவது, காம்பும் இலையுமாக ஒரு பேரிக்காய்.

பின்னணி இதுதான். 1830 ஜூலையில் பாரிஸ் மக்கள் மூன்று நாள் தெருவில் நின்று அரசர் பத்தாம் சார்லை விரட்டினார்கள். 'குடிமக்களின் அரசர்' என்ற பெயரோடு லூயி-ஃபிலிப் வந்தார். தணிக்கை இனி ஒருபோதும் திரும்பாது என்று புதிய அரசியல் சாசனம் எழுதிக்கொடுத்தது. அதை நம்பித்தான் அந்த நவம்பரில் ஃபிலிப்போன் 'லா கரிகத்யூர்' வார இதழைத் தொடங்கினார். ஓராண்டு கடந்ததுமே அவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். 30 ஜூன் 1831 இதழில் வந்த ஒரு படம்தான் காரணம். அதில் லூயி-ஃபிலிப்பின் முகம் கொண்ட ஒரு கொத்தனார், சுவரில் இருக்கும் ஜூலைப் புரட்சியின் சுவடுகளைச் சாந்து பூசி மறைத்துக்கொண்டிருப்பார். வழக்கு 14 நவம்பர் 1831-இல் விசாரணைக்கு வந்தது. அந்த வாதத்துக்காக ஃபிலிப்போன் வரைந்தவையே இந்த நான்கு தலைகள். பழுப்பு மையில் வரைந்த அந்தத் தாள் இன்று பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

தலைகளுக்குக் கீழே உள்ள வாசகங்களைச் சுருக்கித் தருகிறேன். முதலாவதன் கீழே: இது லூயி-ஃபிலிப்பைப் போல இருக்கிறது, அப்படியானால் தண்டிப்பீர்களா? இரண்டாவது: அப்படியானால் முதலாவதைப் போல இருக்கும் இதையும் தண்டிக்க வேண்டும். மூன்றாவது: பிறகு இரண்டாவதைப் போல இருக்கும் இதையும். நான்காவது: சொன்ன சொல்லில் நிற்பவர்கள் என்றால், இந்தப் பேரிக்காயையும் நீங்கள் விடுவிக்க முடியாது.

இனி என் கேள்வி. ஓர் அட்டையை எடுத்து முதல் இரண்டு தலைகளையும் நான்காவதையும் மறைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் பாருங்கள். உங்களுக்குத் தெரிவது மனிதரா, பழமா? என்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் எதிலும் நிலைத்து நிற்க முடியவில்லை. மனிதர் என்று முடிவு செய்தவுடன் பழம் தெரிகிறது. பழம் என்றவுடன் அந்தக் கண்கள் பார்க்கின்றன. சட்டம் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்ற கேள்வி இந்தத் தலையில்தான் தொங்குகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


கல்லச்சு

நல்ல இழை. ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். நாம் எல்லோரும் பார்த்துப் பழகியிருப்பது பெரும்பாலும் மூலப்படம் அல்ல. இந்தப் படத்துக்கு மூன்று உடல்கள் உண்டு.

முதலாவது, நீங்கள் சொன்ன பேனா ஓவியம். இரண்டாவது, 24 நவம்பர் 1831-இல் 'லா கரிகத்யூர்' இதழோடு வெளியான கல்லச்சுப் பிரதி. மூன்றாவது, 17 ஜனவரி 1834-இல் ஃபிலிப்போனின் இன்னொரு இதழான 'லெ ஷரிவரி' நாளிதழில் வந்த மரக்கட்டை அச்சு. புத்தகங்களில் அதிகம் காணப்படுவது இந்த மூன்றாவதுதான். அதை வரைந்தது இன்னொரு கேலிச்சித்திரக்காரரான ஓனோரே தோமியே என்று பலர் கருதுகிறார்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கோட்டின் குணம் ஒவ்வொன்றிலும் வேறு. பேனா காகிதத்தில் ஓடும்போது கை எவ்வளவு வேகமாகப் போயிற்று என்பது மையிலேயே தங்கிவிடுகிறது. கல்லச்சில் கலைஞர் எண்ணெய்ப் பசையுள்ள மையாலோ கட்டியாலோ சுண்ணாம்புக்கல் மீது வரைகிறார். கை அசைவு அப்படியே வரும், ஆனால் படம் இடவலமாக மாறிவிடும். எழுத்தை நேரடியாகக் கல்லில் எழுதினால் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி எழுதப் பழக வேண்டும். மரக்கட்டையில் நிலைமை முற்றிலும் எதிர். ஒரு கறுப்புக் கோடு வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கமும் மரத்தைச் செதுக்கி எடுத்து, கோட்டை மேடாக விட வேண்டும். பேனாவில் ஒரு நொடியில் போட்ட கோடு, மரத்தில் பொறுமையான வேலையாகிவிடும்.

பிறகு ஏன் 1834-இல் மரத்துக்குப் போனார்கள்? மரக்கட்டையை ஈய எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் கோத்து ஒரே அழுத்தத்தில் அச்சடிக்கலாம், கல்லச்சில் அது நடக்காது. படமும் வாசகமும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்றால் மரம்தான் வழி. அதனால் 1834 படத்தில் வாசகங்கள் அச்செழுத்தில் இருக்கின்றன, மூலத்தில் கையெழுத்தில். எனக்கு இது மிகப் பெரிய வேறுபாடு. கையெழுத்தில் இருக்கும்போது ஒரு மனிதர் நம்மைப் பார்த்து வாதாடுகிறார். அச்செழுத்தானவுடன் அது செய்தித்தாளின் குரலாகிவிடுகிறது.


சட்டம் படித்தவள்

மைக்கூடு அவர்களே, மூன்றாவது தலையைப் பற்றி நீங்கள் சொல்வது கண்ணுக்குச் சரி. ஆனால் இந்தப் படம் அருங்காட்சியகத்துக்காக வரையப்பட்டது அல்ல, ஜூரிகளுக்காக வரையப்பட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

பத்திரிகைக் குற்றங்களை ஜூரிகள்தான் விசாரிக்க வேண்டும் என்பது 1830 புரட்சி கொடுத்த உரிமைகளில் ஒன்று. ஆகவே ஃபிலிப்போன் பேசியது சட்டப் புலவர்களிடம் அல்ல, சாதாரணக் குடிமக்களிடம். அவருடைய வாதத்தின் சாரம் இது: கொத்தனார் படத்தில் அரசரின் பெயர் இல்லை, பட்டம் இல்லை, அரச சின்னம் எதுவும் இல்லை. நான் தாக்கியது ஆட்சியை, அரசரின் உடலை அல்ல. முகம் ஒத்துப்போகிறது என்பது மட்டுமே குற்றமானால், அந்த ஒற்றுமை எங்கே போய் நிற்கும்?

தர்க்கமாகப் பார்த்தால் இதில் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்று இரண்டைப் போல, இரண்டு மூன்றைப் போல என்பதால் ஒன்று நான்கைப் போல ஆகிவிடாது. 'போல இருத்தல்' என்பது கைமாறிக் கைமாறிப் போகும் சொத்து அல்ல. எந்த அரசு வழக்கறிஞரும் இதை ஒரே வாக்கியத்தில் உடைத்திருக்கலாம்.

ஆனால் உடைக்கப் போனால் என்ன ஆகும்? "முதல் தலை அரசர், நான்காவது வெறும் பேரிக்காய், இரண்டுக்கும் தொடர்பில்லை" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் இனி பேரிக்காய் வரைபவர் யாரையும் தொட முடியாது. "நான்காவதும் அரசர்தான்" என்று சொன்னால், அரசர் பேரிக்காய் போல இருக்கிறார் என்று அரசின் வழக்கறிஞரே நீதிமன்றப் பதிவில் ஏற்றியதாகிவிடும். இரண்டு வாசலிலும் பூட்டு. தர்க்கம் ஓட்டையாக இருந்தும் பொறி இறுக்கமாக இருக்கிறது. அந்த இறுக்கத்தைக் கொடுப்பது வாசகம் அல்ல, கோடு என்பதைத்தான் இந்த இழையில் நான் புரிந்துகொள்ள விரும்புகிறேன். இதையே நான்கு வாக்கியமாகப் பேசியிருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.


கோடு போடுகிறவன்

இந்தக் கேள்விக்குக் கையால்தான் பதில் தேட முடியும் என்று தோன்றியது. நேற்றிரவு உட்கார்ந்து நான்கு தலைகளையும் தொட்டு எழுதும் பேனாவால் பார்த்து வரைந்தேன். ஒரு முறை அல்ல, ஐந்து முறை. கண்டதைச் சொல்கிறேன்.

முதல் தலையை வரையும்போது கன்னக்கோட்டை மேலிருந்து கீழாக இழுக்கிறோம். பேனா முள்ளை அழுத்தினால் அதன் பிளவு விரிந்து கோடு தடிக்கும், கையைத் தூக்கினால் மெலியும். கன்னம் எங்கே அதிகம் பிதுங்குகிறதோ அங்கே கை தானாகவே அழுத்துகிறது. அதாவது சதை கனக்கிற இடத்தில் மையும் கனக்கிறது. பிறகு தாடையை நோக்கி உள்ளே வளையும்போது கோடு மெலிந்து முடிகிறது. இந்த ஒரே வீச்சுதான் நான்கு தலைகளிலும் இருக்கிறது. முதலாவதில் அதற்குப் பெயர் கன்னம், நான்காவதில் அதற்குப் பெயர் பழத்தின் வயிறு. கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் அதே அசைவுதான்.

முடியும் அப்படியே. உச்சியில் கூம்பும் முன்முடியை அடியில் தடித்து நுனியில் கூராகும் சிறுசிறு கோடுகளால் போடுகிறோம். இலையையும் அதே கோட்டால்தான் போடுகிறோம், நடுவில் ஒரு நரம்பு சேர்ந்தால் போதும். கிருதாவுக்குப் போடும் குட்டையான கோடுகள், பழத்தின் பக்கவாட்டு நிழல் கோடுகளாக அப்படியே அமர்ந்துவிடுகின்றன.

இதனால்தான் இந்தப் படம் பேனாவில் பிறந்தது பொருத்தம் என்கிறேன். கரிக்கட்டியால் பூசி நிழல் கொடுத்திருந்தால் ஒவ்வொரு தலையும் தனித்தனியான உருண்டையாகியிருக்கும், ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்று தடம் பிடிக்க முடியாது. பேனாக் கோட்டில் தடம் பிடிக்கலாம். இந்தக் கோடு இங்கே இருந்தது, இப்போது இங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். சட்டம் படித்தவள் கேட்ட இறுக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். நான்கு படங்களும் ஒன்றைப் போல ஒன்று இருப்பதோடு நிற்கவில்லை, ஒரே கையசைவில் பிறந்திருக்கின்றன.

இன்னொன்றும் கவனித்தேன். நான்காவது படத்தில் முகம் முழுவதும் போய்விடவில்லை. கண், மூக்கு, வாய் இருந்த இடங்களில் தோலில் விழுந்த குழியும் மடிப்பும் போல ஏதோ மிச்சம் இருக்கிறது. அது இல்லாமல் வெறும் பேரிக்காயாக வரைந்து பார்த்தேன். படம் உடனே செத்துவிட்டது.


ஆற்றோரம்

இந்த இழையை இப்போதுதான் படிக்கிறேன். எனக்கு ஓவியம் தெரியாது, ஒரு சந்தேகம் மட்டும். ஒருவரின் தாடை பெருத்திருப்பதைக் காட்டிக் கேலி செய்வது சரியான விமர்சனமா? அவர் செய்த அரசியலுக்கும் அவருடைய கன்னத்துக்கும் என்ன தொடர்பு? உடலைக் கேலி செய்வது எளிய வழி அல்லவா?


மைக்கூடு

ஆற்றோரம், இதை நீங்கள் கேட்டது நல்லது. இந்தப் படத்தை நேசிக்கிற யாரும் இதற்குப் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது.

வெறும் பருத்த தாடைதான் விஷயம் என்றால் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் பேரிக்காய் வடிவத்தைப் பாருங்கள். மேலே ஒடுக்கம், கீழே அகலம். அதைத் தலையாக்கினால் நெற்றி சுருங்குகிறது, வாயும் தாடையும் பெருகுகின்றன. சிந்திக்கிற இடம் போய், தின்கிற இடம் வருகிறது. 1831-இல் லூயி-ஃபிலிப் ஆட்சி மீது இருந்த குற்றச்சாட்டும் அதுதானே. புரட்சியின் பேரைச் சொல்லி வந்தது, வந்தபின் வங்கிக்காரர்களும் சொத்துக்காரர்களும் கொழுக்கும் ஆட்சியாயிற்று. வாக்குரிமை சொத்து வரி கட்டுகிற ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும். அதே டிசம்பரில் தோமியே வரைந்த 'கர்கந்துவா' படத்தில் இது இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. பூதம் போன்ற அரசர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஏழைகளின் காசு கூடை கூடையாக ஒரு பலகை வழியே அவர் வாய்க்குள் போகிறது, கீழே ஆதரவாளர்களுக்குப் பட்டயமும் பதவியுமாக வெளியே வருகிறது. அந்தப் படத்திலும் அரசரின் தலை பேரிக்காய்தான். அதற்காகத் தோமியேவும் சான்ட்-பெலாஜி சிறைக்குப் போனார்.

இன்னொரு பக்கமும் உண்டு. லூயி-ஃபிலிப் தம்மைச் சாதாரணக் குடிமகனாகக் காட்டிக்கொள்ள விரும்பியவர். இந்த நான்கு தலைகளில் ஒன்றில்கூடக் கிரீடம் இல்லை. முதல் தலையில் இருப்பது எந்தப் பாரிஸ் கடைக்காரரும் அணிகிற காலரும் கழுத்துப்பட்டியும்தான். நீங்கள் எங்களில் ஒருவர் என்றால், எங்களில் ஒருவரைப் பார்ப்பதுபோல உங்களையும் பார்ப்போம் என்று படம் சொல்கிறது. நான்காவதில் அந்தக் காலரும் இல்லை. கேலி உடலில் தொடங்குகிறது என்பது உண்மை, உடலில் நிற்கவில்லை.

பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் பேரிக்காய் என்ற சொல்லுக்கு 'ஏமாளி' என்ற பொருளும் உண்டு என்பதைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அந்தச் சொல் தெரியாத நமக்கும் படம் பேசுகிறதே.


பழந்தாள்

மைக்கூடு சொன்ன 'சுருங்கும் நெற்றி' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கும்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்துக்காரர் லவாட்டரின் முகக்குறி சாஸ்திரம் படித்தவர் வீடுகளில் எல்லாம் புழங்கியது. முகத்தின் கோணத்தையும் அளவையும் வைத்து உள்ளத்தைப் படித்துவிடலாம் என்பது அதன் நம்பிக்கை. அவர் பெயரில் வந்த படவரிசை ஒன்று தவளையின் தலையில் தொடங்குகிறது. படத்துக்குப் படம் நெற்றி எழுந்து, மூக்கு நிமிர்ந்து, கடைசியில் அப்பல்லோ தேவனின் முகத்தில் போய் முடிகிறது. தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததற்கு ஏறும் படிக்கட்டு.

ஃபிலிப்போன் அதே படிக்கட்டை எடுத்துக்கொண்டு அரசரை இறங்க வைத்தார். அதுவும் மிருகத்தோடு நிற்காமல் காய்கனி வரைக்கும். கவிஞர் போத்லேர் பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் பேரிக்காயைப் பற்றிச் சொல்லும்போது இந்த அப்பல்லோ, தவளை சோதனையையும் நினைவுகூர்கிறார். அதே இடத்தில் பேரிக்காயை ஒருவகை 'உருவக் கொச்சைமொழி' என்கிறார். அந்தக் கொச்சை கைவசம் இருந்ததால் மக்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிப் புரியவைக்க முடிந்தது என்பது அவர் கருத்து. 'மொழி' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு படம் ஒரு சொல்லாகிவிட்டது. சொல்லானபின் யாரும் அதை எடுத்து எந்த வாக்கியத்திலும் போடலாம். 9 ஜனவரி 1834-இல் தோமியே மூன்று முகம் கொண்ட ஒரே பேரிக்காய்த் தலையை வரைந்து 'கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம்' என்று பெயரிட்டார். அரசரை அறிமுகம் செய்ய அவருக்கு வேறு ஒரு வரியும் தேவைப்படவில்லை.


சட்டம் படித்தவள்

எல்லாம் சரி. ஆனால் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். ஜூரிகள் ஃபிலிப்போனைத் தண்டித்தார்கள். ஆறு மாதச் சிறை, 2,000 ஃபிராங்க் அபராதம். எந்த வாதத்துக்காக வரைந்தாரோ அந்த வாதத்தில் படம் தோற்றது. பொறி இறுக்கம் என்று நானே புகழ்ந்தேன், ஆனால் அதில் யாரும் விழவில்லை. இதை வெற்றியாக எப்படி எண்ணுவது?


கல்லச்சு

தோற்றது நீதிமன்ற அறைக்குள். ஃபிலிப்போனுக்கு அச்சகம் கையில் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். விசாரணை முடிந்து பத்தே நாளில் அதே படத்தைக் கல்லச்சில் போட்டு வெளியே அனுப்பினார். வாசகத்தின் கடைசியில் அவர் வாசகர்களுக்கும் சேர்த்தே பேசுகிறார்: ஒரு பேரிக்காய்க்கும், ஒரு பன்னுக்கும், தற்செயலோ குறும்போ இந்தப் பாவப்பட்ட சாயலைக் கொண்டுவந்து வைத்த எந்தத் தலைக்கும் ஐந்து ஆண்டுச் சிறையும் 5,000 ஃபிராங்க் அபராதமும் விதிக்கலாம் என்றால், இது விசித்திரமான பத்திரிகைச் சுதந்திரம் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்தது ஒருவர் கட்டுப்பாட்டிலும் இல்லை. பாரிஸ் சுவர்களில் கரியாலும் சுண்ணாம்பாலும் பேரிக்காய்கள் முளைத்தன. வரையத் தெரியாதவர்களும் வரைந்தார்கள். இரண்டு வளைவு, ஒரு காம்பு, முடிந்தது. விக்டர் ஹ்யூகோ தம் நாவல் ஒன்றில் ஒரு காட்சி வைத்திருக்கிறார். ஒரு கோடைக்கால மாலையில் நடந்து திரும்பும் லூயி-ஃபிலிப், நியூயி மாளிகைக் கேட்டின் தூணில் ஒரு சிறுவன் எம்பி எம்பிப் பெரிய பேரிக்காய் ஒன்றைக் கரியால் வரைவதைப் பார்க்கிறார். தாமே உதவி செய்து அதை முடித்துக் கொடுக்கிறார். பையன் கையில் ஒரு தங்கக்காசைக் கொடுத்து, இதிலும் பேரிக்காய் இருக்கிறது என்கிறார். காசில் அவர் முகம்தானே.

சட்டம் படித்தவளுக்குப் பிடிக்கக்கூடிய இன்னும் இரண்டு. 7 ஜூன் 1832-இல் ஃபிலிப்போன் ஒரு நினைவுச்சின்னத்தின் வரைபடத்தை வெளியிட்டார். பதினாறாம் லூயி தலை வெட்டப்பட்ட கான்கார்ட் சதுக்கத்தில், பீடத்தின் மேல் ஒரு ராட்சதப் பேரிக்காய். பிரெஞ்சில் 'பிராயச்சித்தச் சின்னம்' என்று பொருள்படும் சொல்லின் கடைசி அசையில் பேரிக்காய் என்ற சொல்லைச் செருகித் தலைப்பு வைத்திருந்தார். நல்ல சிலேடை. கொலைக்குத் தூண்டுகிறார் என்று அரசு பிடித்தபோது, அதிகபட்சம் பழக்கூழ் செய்யத் தூண்டியதாகத்தான் சொல்ல முடியும் என்று பதில் சொன்னார்.

அடுத்தது, 27 பிப்ரவரி 1834. 'லெ ஷரிவரி'க்கு எதிரான ஒரு தீர்ப்பை இதழே வெளியிட வேண்டும் என்ற கட்டாயம். வெளியிட்டார்கள். தீர்ப்பின் சொற்கள் அனைத்தும் அப்படியே, வரிகளின் நீளத்தை மட்டும் மாற்றிக் கோத்து, முழுத் தீர்ப்பும் பேரிக்காய் வடிவில். எழுத்துக் கோப்பவன் பிழைப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஈய எழுத்தில் வளைவு கொண்டுவருவது சாதாரண வேலை அல்ல. ஒவ்வொரு வரியின் இரு பக்கமும் வெற்றுக் கட்டைகளை அளந்து அடைக்க வேண்டும். இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு மயிரிழை கூடினாலும் வயிறு கோணலாகிவிடும். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெயர் தெரியாத அந்த எழுத்துக் கோப்பவரை நான் வணங்குகிறேன்.

17 ஜனவரி 1834 மரக்கட்டைப் பதிப்பின் தலைப்பையும் பாருங்கள். இதழுக்கு விதிக்கப்பட்ட 6,000 ஃபிராங்க் அபராதத்தைக் கட்டுவதற்காக விற்கப்படுகிறது என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் தோற்ற படம் இன்னொரு நீதிமன்ற அபராதத்துக்குப் பணம் சேர்க்கிறது.


சட்டம் படித்தவள்

தீர்ப்பின் ஒரு சொல்லையும் மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றியது! நன்றி. நான் தோல்வி என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் எந்த மன்றத்தில் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

அரசுக்கும் இது புரிந்துவிட்டது என்பதற்குச் சட்டமே சாட்சி. 28 ஜூலை 1835-இல் அரசரைக் கொல்ல நடந்த முயற்சிக்குப் பிறகு, செப்டம்பரில் புதிய பத்திரிகைச் சட்டங்கள் வந்தன. எழுத்துக்கு முன்தணிக்கை வரவில்லை, படத்துக்கு வந்தது. எந்தப் படமும் முன்அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. சாசனம் காப்பாற்றுவது கருத்தை வெளியிடும் உரிமையைத்தான், படம் வெறும் கருத்து அல்ல, கண்ணிடம் பேசுகிற செயல் என்பது அரசுத் தரப்பு நியாயம். 'லா கரிகத்யூர்' அந்த ஆகஸ்டிலேயே நின்றுவிட்டது. கோட்டுக்கு இருக்கும் பலத்தைக் கலை விமர்சகர்களைவிட அந்த அமைச்சர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.


ஆற்றோரம்

மைக்கூடு சொன்னபடி அட்டையால் மறைத்துப் பார்த்தேன். கூடவே வீட்டில் யாருக்கும் எதுவும் சொல்லாமல் மூன்றாவதை மட்டும் காட்டினேன். "யாரோ வருத்தமாக இருக்கிறார்" என்று சொன்னார்கள். பழம் என்று யாரும் சொல்லவில்லை. நான்காவதைக் காட்டியதும் மூன்றாவதைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அதை மனிதராகப் பார்க்கவே முடியவில்லை என்றார்கள். நான் கேட்ட கேள்வி இன்னும் மனதில் இருக்கிறது. அந்த வருத்தமான முகம் என்னை விடவில்லை.


கோடு போடுகிறவன்

ஆற்றோரம் செய்த சோதனையைப் படித்துவிட்டு மீண்டும் பேனாவை எடுத்தேன். மைக்கூடு அவர்களே, உங்கள் மூன்றாவது தலைக் கட்சியை நான் ஏற்கவில்லை. வித்தை இரண்டாவதில் முடிந்துவிடுகிறது.

காரணம் சொல்கிறேன். முதலாவதிலிருந்து நேராக மூன்றாவதுக்குப் போக முயன்றேன். இரண்டு தலையையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று அரசர், இன்னொன்று விகாரம், அவ்வளவுதான். "இது வேண்டுமென்றே கோணலாக்கியது" என்று யாரும் சொல்லிவிடலாம். இரண்டாவது நடுவில் வந்ததும் அந்த மறுப்பு வாயிலேயே நின்றுவிடுகிறது. ஏனென்றால் இரண்டாவதில் கை அதிகம் ஒன்றும் செய்யவில்லை. என் பிரதியில் தாடைக் கோட்டை ஒரு பேனா முனை அளவு வெளியே தள்ளினேன், நெற்றிக் கோட்டை அதே அளவு உள்ளே இழுத்தேன். கண், மூக்கு, வாய் எதையும் தொடவில்லை. பார்க்கிறவர் "ஆம், இவர்தான்" என்கிறார், ஒருவேளை முதலாவதைவிட இதுதான் அவர் என்றுகூடச் சொல்கிறார். அந்தத் தலையசைப்புதான் ஃபிலிப்போனுக்கு வேண்டும். அதைக் கொடுத்துவிட்டால் மூன்றாவதிலும் நான்காவதிலும் நாம் ஏற்கெனவே கொடுத்த சம்மதத்தை அவர் வசூல் செய்துகொள்கிறார்.

ஒரு நல்ல கேலிச்சித்திரம் ஒரு முகத்துக்கு அந்த முகத்தைவிட அதிகம் பொருந்துவது எப்படி என்று கோம்ப்ரிச் போன்ற கலை வரலாற்றாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேனா முனை அளவு போதும்.


மைக்கூடு

உங்கள் பதிவைப் படித்தபின் அட்டையை மீண்டும் எடுத்தேன். இம்முறை இரண்டாவதை மட்டும் மறைத்தேன். நீங்கள் சொன்னது சரி. தாள் இரண்டு துண்டாகிவிட்டது. இந்தப் பக்கம் ஒரு மனிதர், அந்தப் பக்கம் ஒரு பழம், நடுவில் பாலம் இல்லை. இத்தனை ஆண்டு நான் மூன்றாவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதைப் பார்க்க என்னைத் தயார்செய்தது எது என்று கேட்டதே இல்லை.

ஆற்றோரம், அந்த வருத்தமான முகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் கடந்து போகவில்லை. அது அங்கே இருக்கிறது. நான்காவது படத்திலும், கோடு போடுகிறவன் சொன்ன அந்தக் குழிகளில், கொஞ்சம் இருக்கிறது. அதை ஃபிலிப்போன் ஏன் விட்டுவைத்தார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடையாளத்துக்காக என்பது எளிய பதில்.

தலைப்பை 'மூன்றாவது படத்தை' என்று வைத்திருந்தேன், இப்போது 'நடுவில் உள்ள படங்களை' என்று மாற்றியிருக்கிறேன். கோடு போடுகிறவன், உங்கள் ஐந்து பிரதிகளில் இரண்டாவது தலையை மட்டும் பெரிதாகப் படம் பிடித்து இங்கே போட முடியுமா? தாடைக் கோடு வெளியே தள்ளப்பட்ட அந்த இடத்தில் மை எப்படித் தேங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.